மாட்டுக்கு மருந்து... பாறுக்கு எமன்!

வானத்தை நிறைத்திருந்த ஒரு பறவையினத்தைப் பதினைந்தே ஆண்டுகளில் துடைத்தெடுத்தது ஒரு வலி நிவாரணி. அதற்கு 2006-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் அதே நஞ்சு வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்பக் கடைக்கு வருகிறது. ஏன்?

மோயாறு பள்ளத்தாக்கில் வெயில் உறைக்கும்வரை பாறு கழுகுகள் அசைவதில்லை. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சிக் கிளைகளில் தோளைக் குறுக்கிக்கொண்டு, இறக்கையை லேசாக விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கும். ஒன்பது, பத்து மணிக்குத் தரை சூடாகிக் காற்று மேலெழும்பும்போதுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும். இறக்கையை அடிக்காமலே வட்டமிட்டு ஏறி, சற்று நேரத்தில் கண்ணுக்குப் புள்ளியாகிவிடும்.

சிறியூர்ப் பக்கம் ஒரு பட்டி மாடு செத்துக் கிடந்தால் முதலில் காக்கைகள் வரும். அடுத்து, தனியாகவோ ஜோடியாகவோ செம்முகப் பாறு. அது இறங்குவதை எங்கோ உயரத்தில் சுற்றும் வெண்முதுகுப் பாறு ஒன்று பார்க்கும். அது சரிந்து இறங்குவதை இன்னொன்று பார்க்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே சடலத்தைச் சுற்றி நிற்கும். சீறல், இறக்கை அடி, மிதிபடும் புழுதி. கண், நாக்கு என மென்மையான இடங்களில் தொடங்கி, மயிரில்லாத நீண்ட கழுத்தை வயிற்றுக்குள் முழுசாக விட்டு இழுக்கும். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பும் தோலும்தான் மிச்சம்.

அந்த மாட்டுக்குக் கடைசி மூன்று நாட்களில் யாராவது ஊசி போட்டார்களா? போட்டிருந்தால், என்ன ஊசி? கூடித் தின்ற பறவைகளில் எத்தனை அடுத்த வாரம் உயிரோடு இருக்கும் என்பதை இந்த இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன.

தலை தொங்கிய பறவைகள்

1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் சுமார் 4 கோடிப் பாறுகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. உலகில் அதிக எண்ணிக்கையில் வாழ்ந்த பெரிய ஊனுண்ணிப் பறவை வெண்முதுகுப் பாறாகத்தான் இருந்திருக்கும் என்று பறவையியலாளர்கள் கருதினார்கள். ஊருக்கு வெளியே மாடு கொண்டுபோய்ப் போடும் இடம், தோல் உரிக்கும் திடல், இறைச்சிக்கூடத்துக் கொல்லை என எங்கும் அவை இருந்தன. விமான நிலையங்களில் அவற்றை விரட்டுவது ஒரு வேலையாகவே இருந்தது.

1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். கூடுகள் குறைந்திருந்தன. மீதிப் பறவைகளில் பல, மரத்தில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தன. சில நாட்களில் அவை கீழே விழுந்தன. சில, கிளைகளிலேயே சிக்கித் தொங்கின. 1992-க்கும் 2007-க்கும் இடையில் நாட்டின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999 அழிந்தன. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லலகுப் பாறும் நூற்றுக்கு 97 அழிந்தன. நவீன காலத்தில் எந்தப் பறவையினமும் இவ்வளவு வேகமாகச் சரிந்ததில்லை.

முதல் சந்தேகம் வைரஸ்மீது விழுந்தது. அடுத்து பூச்சிக்கொல்லி, ஈயம், பாதரசம். பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்து விழுந்த பாறுகளைச் சேகரித்து அறுத்துப் பார்த்த அமெரிக்கக் கால்நடை நுண்ணுயிரியலாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினருக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. பெரும்பாலான பறவைகளிடம் கண்டது ஒன்றுதான்: இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம். அது யூரிக் அமிலப் படிவு. சிறுநீரகம் வேலை நிறுத்தினால் பறவைக்குள் இதுதான் நடக்கும்.

அப்போதுதான் அவர்கள் கேள்வியை மாற்றினார்கள். பறவைக்கு என்ன நோய் என்று தேடுவதை விட்டு, பறவை தின்ற மாட்டுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய, பரவலாக விற்கும் மருந்து எது? டைக்ளோஃபெனாக் என்று பதில் வந்தது. சிறுநீரகம் செயலிழந்து செத்த 25 பாறுகளைச் சோதித்ததில் 25-லும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-ல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது.

ஒரே ஒரு சாப்பாடு போதும்

டைக்ளோஃபெனாக் நமக்குப் புதிதல்ல. மூட்டு வலி, இடுப்பு வலி என்று போனால் எழுதிக்கொடுக்கும் அதே மருந்துதான். 1990-களில் மலிவான கால்நடை ஊசியாகவும் கிராமங்களுக்குள் வந்தது. மடிநோய், காய்ச்சல், நொண்டல் என எதற்கும் அதைப் போட்டார்கள். ஊசி போட்ட மறுநாள் மாடு எழுந்து நின்று தீவனம் தின்னும். ஏர் மாட்டையும் கறவை மாட்டையும் நம்பிப் பிழைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? யாரையும் கொல்ல நினைத்து யாரும் அந்த ஊசியைப் போடவில்லை.

பிழைத்த மாட்டால் ஆபத்து இல்லை. சில நாட்களில் மருந்து உடலை விட்டுப் போய்விடும். ஊசி போட்டும் பிழைக்காத மாடுதான் சிக்கல். மருந்து ஏறிய இரண்டு மூன்று நாட்களுக்குள் அது செத்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் கொடிய அளவு மிச்சம் இருக்கும். பாறுகள் விட்டுவைக்காமல் தின்பவற்றில் இந்த உள்ளுறுப்புகளும் உண்டு.

டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் பறவையின் உடலில் வருடக்கணக்கில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியவைத்தன. இங்கே சேர்வதற்கே அவகாசம் இல்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு அளவு மருந்தே பாறுகளைக் கொல்லப் போதும். அழுகிய மாமிசத்தையும் அதிலுள்ள கிருமிகளையும் செரிக்கும் வயிறு, மாத்திரையின் துணுக்குக்குத் தோற்றுப்போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பாறுகள் கூட்டமாக உண்பவை. ஆகவே, நஞ்சு ஏறிய ஒரு சடலம் ஒரு பறவையோடு நிற்காது. நாட்டில் கிடக்கும் சடலங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்தப் பேரழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2004-05-ல் இந்தியாவில் பல மாநிலங்களில் மாட்டுச் சடலங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தபோது பத்தில் ஒன்றில் டைக்ளோஃபெனாக் இருந்தது.

பெட்டிச் செய்தி: நம் ஊர்ப் பாறுகள்

தமிழ்நாட்டில் இன்று முக்கியமாகக் காணக்கூடியவை நான்கு. வெண்முதுகுப் பாறு, ஆற்றோர மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறு, செங்குத்தான பாறை முகடுகளில் வாழும். செம்முகப் பாறு, கூட்டம் சேராமல் ஜோடியாகத் திரியும். மஞ்சள்முகப் பாறு, நால்வரில் சிறியது. நான்குக்கும் மோயாறு, சீகூர் சுற்றுவட்டாரம்தான் இப்போது புகலிடம். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அழிவது வாரக் கணக்கில் என்றாலும், மீள்வது தலைமுறைக் கணக்கில்தான்.

பறவை போனால் மனிதன் சாவானா?

சாவான் என்கிறது ஒரு கணக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இயால் ஃபிராங்கும் வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சனும் இந்திய மாவட்டங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்கள் ஒருபுறம், அவை எப்போதும் அரிதாக இருந்த மாவட்டங்கள் மறுபுறம். மருந்து வரும்வரை இரு பக்கமும் இறப்பு விகிதம் ஏறக்குறைய ஒரே போக்கில் போனது. மருந்து வந்து பாறுகள் மறைந்த பிறகு, முதல் வகை மாவட்டங்களில் மட்டும் மனித இறப்பு 4 சதவீதத்துக்கும் மேல் கூடியது. 2000-லிருந்து 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் முடிவு. 2024-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ' இதழில் இது வெளியானது.

எப்படி என்று யோசித்தால் வியப்பில்லை. மாடுகள் முன்புபோலவே செத்தன. தின்னத்தான் யாரும் இல்லை. ஊர் எல்லையில் சடலங்கள் நாட்கணக்கில் அழுகின. மழைக்கு அந்த நீர் ஓடைக்கும் கிணற்றுக்கும் போனது. பாறுகள் விட்ட இடத்தை நாய்கள் பிடித்தன. ராஜஸ்தானின் பிகானேர் அருகே ஜோர்பீர் சடலத் திடலில் இன்றும் பாறுகளும் நாய்க் கூட்டங்களும் ஒரே மாட்டுக்குப் போட்டியிடுவதைக் காணலாம். நாய்கள் பெருகினால் வெறிநோய்க் கடியும் பெருகும். 2008-ல் வெளியான மற்றோர் ஆய்வு, பாறுகள் சரிந்த காலத்தில் நாய்கள் சுமார் 55 லட்சம் கூடியதாகவும், அதன் விளைவாக 1993-லிருந்து 2006 வரை வெறிநோயால் சுமார் 48,000 கூடுதல் மரணங்கள் நேர்ந்ததாகவும் மதிப்பிட்டது.

யாருடைய கணக்கிலும் வராத இழப்புகளும் உண்டு. பாறுகள் சுத்தம் செய்த எலும்பைப் பொறுக்கி உர ஆலைக்கு விற்றுப் பிழைத்த குடும்பங்கள் வட இந்தியாவில் ஏராளம். அழுகலோடு ஒட்டிக்கிடக்கும் எலும்பை அவர்கள் எப்படிச் சேகரிப்பார்கள்? மும்பை மலபார் குன்றில், இறந்தவர்களை அமைதிக் கோபுரங்களில் பாறுகளுக்கு அளிப்பது பார்சிகளின் மரபு. பறவை வராமல்போனதால், சூரிய வெப்பத்தைக் கண்ணாடிகளால் சடலத்தின்மேல் குவித்து உலரவைக்கும் நிலை வந்தது. இறுதிச் சடங்கையே ஒரு மாட்டு ஊசி மாற்றிவிட்டது என்றால் நம்பக் கடினம்தான். ஆனால், நடந்தது அதுதான்.

நம் ஊரில் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தை எல்லோருக்கும் தெரியும். உச்சிவேளையில் மலைமேல் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்திறங்கி, பாறைமேல் வைத்த பொங்கலை உண்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்கவே கூட்டம் படியேறும். 1998-க்குப் பிறகு அவை வரவில்லை. நாடு முழுவதும் அந்த இனம் ஐந்தில் நான்கு பங்கு சரிந்த ஆண்டுகளும் அவைதான்.

தடை என்ற பெயரில் ஒரு துரத்தல்

2006-ல் மத்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அந்த ஆண்டே, பாறுகளைப் பாதிக்காத மாற்று மருந்தாக மெலாக்சிகாம் நிரூபிக்கப்பட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. தடை மாட்டு மருந்துக்குத்தான். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் கடையில் தாராளமாகக் கிடைத்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். ஆனால், விற்பனைக்கு வந்ததோ 30 மில்லி குப்பி. அவ்வளவு பெரிய குப்பி யாருக்காக? கன்றுக்குட்டியிலிருந்து காளை வரை ஒரே குப்பியில் ஊசி போட வசதியாக இருந்தது என்பதே பதில். 2015-ல் மனித டைக்ளோஃபெனாக் ஊசியை 3 மில்லிக்குமேல் ஒரே குப்பியில் விற்கக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. என் பார்வையில், பாறுகளுக்காக இந்த நாட்டில் எடுத்த முடிவுகளில் மிகவும் கூர்மையானது இந்தக் குப்பி ஆணைதான். ஒரு மாட்டுக்குப் பல குப்பிகளை உடைக்க வேண்டியிருந்தால் யாரும் யோசிப்பார்கள்.

அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்துவிட்டன. டைக்ளோஃபெனாக் இல்லையென்றால் கீட்டோப்ரோஃபென். அதுவும் பாறுகளைக் கொல்லும் என்று 2009-லேயே தெரிந்துவிட்டது. அடுத்து அசெக்ளோஃபெனாக். இது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்று 2016-ல் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவன ஆய்வு காட்டியது. பெயரும் அட்டையும்தான் வேறு, பறவையின் சிறுநீரகத்துக்குப் போவது அதே நஞ்சு.

பெட்டிச் செய்தி: தெரிந்தது எப்போது, தடுத்தது எப்போது?

டைக்ளோஃபெனாக்: ஆபத்து தெரிந்தது 2004, தடை 2006.
அசெக்ளோஃபெனாக்: தெரிந்தது 2016, தடை 2023.
கீட்டோப்ரோஃபென்: தெரிந்தது 2009, தடை 2023.
நிமசுலைடு: 2024 டிசம்பர் இறுதியில் தடை.
பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று பரிந்துரைக்கப்படுபவை: மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம்.

இந்த ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கோபம் வருகிறது. முதல் மருந்தை நிறுத்த இரண்டு ஆண்டுகள் ஆயின. எல்லாம் தெரிந்த பிறகு வந்த கீட்டோப்ரோஃபெனை நிறுத்தப் பதினான்கு ஆண்டுகள். வங்கதேசம்கூட அதை 2021-லேயே தடை செய்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நடைமுறை ஒன்றுதான்: மருந்து கடைக்கு வரும், மாட்டுக்குப் போகும், பறவை சாகும், யாராவது சடலத்தை எடுத்துப்போய் அறுத்துப் பார்ப்பார்கள், ஆய்வு வெளியாகும், கோப்பு நகரும். மருந்து பாதுகாப்பானதா என்று சோதிக்கும் வேலையைக் காட்டில் எஞ்சியிருக்கும் பறவைகளின் உயிரைக் கொண்டே செய்கிறோம்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. தெற்காசியாவில் நடந்த அத்தனையும் உலகுக்குத் தெரிந்த பிறகு, 2013-ல் ஸ்பெயின் கால்நடை டைக்ளோஃபெனாக்குக்கு உரிமம் கொடுத்தது. ஐரோப்பாவின் பாறுகளில் பெரும்பகுதி வாழும் நாடு அது. 2020-ல் அங்கே கட்டலோனியாவில் செத்துக்கிடந்த ஓர் இளம் கரும்பாறின் உடலில் டைக்ளோஃபெனாக் இருந்தது.

மோயாற்றின் மூன்று மாநிலக் கணக்கு

விந்திய மலைக்குத் தெற்கே காட்டில் கூடு கட்டி வாழும் பாறுகளின் முக்கியமான கூட்டம் முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு இணையும் வனப்பகுதியில் இருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பாறு பாதுகாப்புக்கு மாநில அளவில் குழு அமைத்தது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே நாட்களில் கணக்கெடுக்கத் தொடங்கின. 2023 பிப்ரவரியில் மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 246 பாறுகள். 2024 டிசம்பர் கணக்கெடுப்பில் 390; அதில் தமிழ்நாட்டில் 157. இந்த உயர்வில் ஒரு பகுதி, கணக்கெடுக்கும் இடங்களும் ஆட்களும் கூடியதால் வந்திருக்கலாம். இருந்தாலும், சரிவு நின்றிருக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது.

சரிவு நின்றதற்குக் காடு காரணம். இங்குள்ள பாறுகளுக்குப் புலியும் செந்நாயும் விட்டுவைக்கும் மான், காட்டெருமை, தானாக இறக்கும் யானை என மருந்து ஏறாத இரை கிடைக்கிறது. கூடவே, நாடு தழுவிய தடைக்கு முன்பே நீலகிரி, கோவை, ஈரோடு மாவட்டங்களில் கீட்டோப்ரோஃபெனை நிறுத்த எடுத்த நடவடிக்கையும், கிராமம் கிராமமாகப் போய் மருந்துக் கடைக்காரர்களிடமும் கால்நடை ஆய்வாளர்களிடமும் பேசிய தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்துகொண்டன. காட்டு விலங்கின் சடலத்தைப் புதைக்காமல், எரிக்காமல் பாறுகளுக்கு விடுங்கள் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. தொற்றுநோய் ஐயம் இல்லாத இடங்களில் அதை மறுக்க ஒரு காரணமும் இல்லை.

ஆனால், பாறு காட்டின் எல்லைக்கல்லைப் பார்த்துப் பறப்பதில்லை. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் இரை தேடிப் போகும். அதனால்தான் 'பாறு பாதுகாப்பு மண்டலம்' என்றால், கூடு இருக்கும் இடத்தைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு எந்த ஆபத்தான மருந்தும் விற்பனையில் இருக்கக் கூடாது என்கிறார்கள். மோயாற்றிலிருந்து நூறு கிலோமீட்டர் என்றால் மைசூரும் கோவையும் உள்ளே வந்துவிடும்.

மருந்து தவிர இன்னொரு நஞ்சும் இந்த மலையில் இருக்கிறது. மாட்டைப் புலி அடித்துவிட்டால், கோபத்தில் மிச்ச மாமிசத்தில் பூச்சிக்கொல்லியைத் தடவி வைப்பவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் அப்படித்தான் செத்தன. புலிக்கு வைத்த சடலத்தில் பாறுகள் இறங்கியிருந்தால் ஒரு கூட்டமே போயிருக்கும். மாட்டைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு உடனே கைக்கு வர வேண்டும். மாதக்கணக்கில் அலையவிட்டால் அந்தக் கோபம் தணியாது. பாறுகளைக் காப்பாற்றும் வேலையில் பாதி, மாடு வைத்திருப்பவரை மதிப்பதில்தான் இருக்கிறது.

அடுத்த மருந்து வரும் முன்

ஹரியானாவின் பிஞ்ஜோரில் ஜடாயு இனப்பெருக்க மையம் இரண்டு பத்தாண்டுகளாகப் பாறுகளை வளர்க்கிறது. அசாம், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசத்திலும் இத்தகைய மையங்கள் உண்டு. 2020-லிருந்து பிஞ்ஜோரில் வளர்த்த பறவைகளை வெளியே விடத் தொடங்கியிருக்கிறார்கள். கூண்டில் பிறந்த பறவைக்குப் பறக்கவும் இரை தேடவும் பழக்கலாம். வெளியே கிடக்கும் மாட்டில் என்ன மருந்து இருக்கிறது என்பதை எந்தப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்காது.

மாடு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊசி போட வருபவரிடம், "மெலாக்சிகாம் போடுங்க" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காப்புரிமை இல்லாத மருந்து அது. பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. சிகிச்சை பலிக்காமல் மாடு இறந்துவிட்டால், என்ன ஊசி போட்டது என்று தெரியாதபோது அதை ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் அரசின் கையில் இருக்கிறது. 2020-25-க்கான மத்திய அரசின் பாறு பாதுகாப்புச் செயல்திட்டமே இரண்டு விஷயங்களைச் சொன்னது. பாறுகளுக்கு நஞ்சு என்று தெரிந்த மருந்து, கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாகவே விலகும் ஏற்பாடு வேண்டும். புதிய வலி நிவாரணிகளைப் பாறுகளிடம் சோதித்துப் பாதுகாப்பு உறுதியான பிறகே சந்தைக்கு விட வேண்டும். இவை பரிந்துரையாகவே இருக்கும்வரை, ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் போராடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அடுத்த செயல்திட்டத்தில் இந்த இரண்டையும் மருந்து உரிம விதிகளாகவே எழுத வேண்டும். சோதனைச்சாலை இருக்கிறது, அனுபவமுள்ள விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், இருபது ஆண்டுப் பாடமும் இருக்கிறது. ஸ்பெயினில் 2012-ல் செத்த ஒரு பாறின் உடலில் அதே வெள்ளைப் படிவோடு கிடைத்தது ஃப்ளூனிக்சின் என்ற கால்நடை வலி நிவாரணி. விதியை அதிலிருந்தே தொடங்கலாம்.